பதில் இல்லாத தொடரா, பதில் கிடைத்த தொடரா?

துப்பு துலங்காத கொலை வழக்குகளைப் பற்றிய ஆவணத் தொடர்களில் எதை முதலில் பார்ப்பது என்று தருமபுரி நண்பர்கள் கேட்கிறார்கள். என் ஓட்டு தயக்கமின்றி 'அன்சால்வ்டு மிஸ்ட்ரீஸ்' தொடருக்கே.

1987-இல் அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் தொடங்கியது. தொகுப்பாளர் ராபர்ட் ஸ்டாக்கின் கனத்த குரல் அதன் அடையாளம். 2020-இல் நெட்ஃபிளிக்ஸ் தொகுப்பாளரே இல்லாமல் புதுப்பித்தது. அதன் முதல் பகுதி ஒன்றே போதும். 2006-இல் பால்டிமோரில் காணாமல் போனவரின் உடல், பெல்வெடெர் கட்டடத்தின் தாழ்வான கூரைக்கு அடியில் கிடைக்கிறது. கூரையில் பெரிய ஓட்டை. ஆனால் மூக்குக் கண்ணாடியும் கைபேசியும் உடையாமல் கிடக்கின்றன! எப்படி இறந்தார் என்று மருத்துவப் பரிசோதனையாலும் முடிவுகட்ட முடியவில்லை. தகவல் தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று தொடர் பார்வையாளரிடமே கேட்கிறது.

1999-இல் ஏ அண்ட் ஈ அலைவரிசையில் வந்த 'கோல்ட் கேஸ் ஃபைல்ஸ்' வேறு வகை. பல ஆண்டுகள் தூசி படிந்த கோப்பு, பத்திரப்படுத்திய தடயம், டிஎன்ஏ சோதனை, கடைசியில் கைது. கிருஷ்ணகிரியில் என் பெரியம்மாவுக்கு இதுதான் பிடிக்கும். குற்றவாளி பிடிபடாமல் அவருக்குத் தூக்கம் வராது. விசாரணை நுணுக்கம் கற்க இதுவே சிறந்தது. நம் நாட்டிலும் கொலை வழக்குக்குக் காலவரம்பு கிடையாது, புதிய சான்று கிடைத்தால் மேல்விசாரணைக்குச் சட்டத்தில் இடம் உண்டு என்பதால் அந்தக் கோப்புகள் எனக்கு அந்நியமாகத் தெரிவதில்லை.

இருந்தும், விடைக்காகக் காத்திருக்கும் குடும்பத்தாரை நிறுத்திப் பேசவிடுவது முதல் தொடர்தான். சிறுவர்கள் உறங்கிய பிறகு பாருங்கள்.