மோதிரம் யார் துண்டில்? ஹாலோவீன் ராத்திரிக்கு எந்தப் பலகாரம், எந்தப் பேய்க் காதல்

அக்டோபர் 31, ஹாலோவீன் வந்தால் எங்கள் வீட்டில் இரண்டு பஞ்சாயத்து. அடுப்படியில் என்ன செய்வது என்பது ஒன்று. வாசல் விளக்கை அணைத்த பிறகு என்ன படிப்பது என்பது இன்னொன்று. நாங்கள் இருப்பது நியூ ஜெர்சியில். அன்றைக்கு வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்டு வருகிற பிள்ளைகள், எட்டரை மணிக்கு மேல் எங்கள் தெருவில் கதவைத் தட்டுவதில்லை. அதன் பிறகு ராத்திரி எங்களுடையது. ஏழு வயசுப் பையனுக்குப் பேய் வேண்டும். பதினைந்து வயசுப் பெண்ணுக்குக் காதல் வேண்டும். எனக்கு இரண்டும் வேண்டும், கூடவே கடிக்க ஏதாவது வேண்டும். சில வருஷமாகச் செய்தும் படித்தும் பார்த்ததில் எதற்கு எது மேல் என்று ஒரு கணக்கு கிடைத்திருக்கிறது.

பேயையும் காதலையும் முடிச்சுப் போட்டது புத்தகம் விற்கிறவர்கள் வேலை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லை. அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் ஹாலோவீன் என்பதே கல்யாணக் குறி பார்க்கிற ராத்திரி. அறுவடை முடிந்து குளிர் தொடங்கும் நாள். செத்தவர்கள் வந்துபோவதாக நம்பிய நாள். (அந்தப் பழைய திருநாளின் பெயரை அயர்லாந்துக்காரர்கள் ஏறக்குறைய ‘சாவின்’ என்று உச்சரிக்கிறார்கள். தமிழ்க் காது திடுக்கிடும். தற்செயல்தான்.) அந்தப் பக்கத்துக் கதவு திறந்திருக்கும்போதே வரப்போகிற மாப்பிள்ளையையும் விசாரித்துவிடலாம் என்பது பெண்களின் கணக்கு. ஆப்பிள் தோலை அறுபடாமல் ஒரே சுருளாகச் சீவித் தோளுக்குப் பின்னால் வீசுவார்கள். அது விழுந்த வடிவம் எந்த எழுத்தோ அந்த எழுத்தில் அவன் பெயர் தொடங்கும். இரண்டு கொட்டைகளுக்கு ஆளுக்கொரு பெயர் வைத்துக் கணப்பு நெருப்பில் போடுவார்கள். பக்கத்தில் பக்கத்தில் அமைதியாக எரிந்தால் ஜோடி நிலைக்கும். ஒன்று வெடித்துத் துள்ளினால் போச்சு. ராபர்ட் பர்ன்ஸ் 1785இல் எழுதிய ஹாலோவீன் கவிதையில் இந்தக் கொட்டை எரிப்பு வருகிறது. கண்ணன் வருவானா என்று ஆண்டாள் மணலில் கூடல் இழைத்துப் பார்த்தாளே, அதே தவிப்புதான்.

இது தெரிந்த பிறகு என் அளவுகோல் மாறிவிட்டது. வெறும் ருசியும் வெறும் திகிலும் போதாது. பலகாரமாக இருந்தாலும் கதையாக இருந்தாலும் அதில் கொஞ்சம் குறி கேட்கிற படபடப்பு இருக்க வேண்டும்.

கழிக்க வேண்டியதை முதலில் கழித்துவிடலாம்: கேண்டி கார்ன். வெள்ளை, ஆரஞ்சு, மஞ்சள் என்று மூன்று பட்டையில் சோளமணி மாதிரி இருக்கும் மிட்டாய். 1880களில் பிலடெல்பியாவில் பிறந்ததாகச் சொல்கிறார்கள். ஒரு காலத்தில் ‘கோழித் தீவனம்’ என்று பெயர் வைத்து, பெட்டியில் சேவல் படம் போட்டு விற்றிருக்கிறார்கள். வாயில் போட்டால் அந்தப் பெயர்தான் சரி என்று தோன்றும். சர்க்கரையும் சோளப் பாகும்தான் உடம்பு. மாட்டுத் தோல், பன்றித் தோல், எலும்பு இவற்றிலிருந்து எடுக்கிற ஜெலட்டினும் பெரும்பாலும் இருக்கும். மேலே பளபளப்புக்குப் பூசுவது அரக்கு. சைவக் குடும்பங்கள் பாக்கெட்டின் பின்பக்கத்தை ஒரு தடவை படித்துவிட்டு வாங்குவது நல்லது. பார்க்க அழகு, அவ்வளவுதான். கிண்ணத்தில் வைத்துப் படம் எடுக்கலாம்.

கேரமல் ஆப்பிள் அப்படித் தள்ளிவிடக் கூடியது இல்லை. குச்சி குத்திய ஆப்பிளைப் பாகில் முக்கி எடுப்பது. பிள்ளைகளுக்கு அது வேலையே இல்லை, விளையாட்டு. முதல் வருஷம் நான் செய்தது படுதோல்வி. பாகு ஆப்பிளில் ஒட்டாமல் வழுக்கி இறங்கி, தட்டில் பாவாடை விரித்தது போல் உட்கார்ந்துவிட்டது. காரணம் பாகு இல்லை, பழத்தின் மேல் பூசி வருகிற மெழுகு. கொதித்த தண்ணீரில் சில விநாடி முக்கி, துணியால் அழுத்தித் துடைத்து, நன்றாகக் காயவிட்டால் போதும். பாகுப் பதம் 118 டிகிரி செல்சியஸ். வெப்பமானி இல்லாதவர்களுக்கு நம் வீட்டு அளவு: அதிரசத்துக்கு உருட்டிப் பார்க்கிற பதத்துக்கு ஒரு படி மேலே, கடலை உருண்டைக்கு ஒரு படி கீழே. புளிப்பான பச்சை ஆப்பிள்தான் இதற்கு லாயக்கு. சிவப்பு ஆப்பிளில் இனிப்போடு இனிப்பு சேர்ந்து திகட்டும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. 2014 கடைசியில் கடைகளில் விற்ற கேரமல் ஆப்பிள்களால் லிஸ்டீரியா கிருமி பரவி, அமெரிக்காவில் 12 மாநிலங்களில் 35 பேருக்கு நோய் வந்தது, சாவும் நேர்ந்தது. ஆப்பிளின் புளிப்பில் அந்தக் கிருமி சுலபமாக வளராது, கேரமலில் ஈரம் போதாது. ஆனால் குச்சி குத்தும்போது கசிகிற சாறு இரண்டுக்கும் நடுவில் தங்கிவிடுகிறது. வெளியே வைத்தால் கிருமிக்கு அந்த இடமே வீடு. அதனால் அன்றைக்கே தின்றுவிட வேண்டும், இல்லை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். பல்லில் கம்பி போட்டிருக்கிற பெண் இருக்கிற வீட்டில் வேறு கஷ்டமும் உண்டு. அதைச் சொன்னால் அவள் என்னை உதைப்பாள்.

பூசணி விதை பற்றிச் சுருக்கமாக: விளக்குக்காகக் குடைந்த பூசணியின் சதை தண்ணியாக, நாராக இருக்கும், சமையலுக்கு ஆகாது. விதை அருமை. உப்புத் தண்ணீரில் பத்து நிமிஷம் வேகவைத்து, வடித்து, எண்ணெய், மிளகாய்த்தூள், பெருங்காயம் போட்டுப் பிசறி, 160 டிகிரி செல்சியஸ் ஓவனில் இருபது, இருபத்தைந்து நிமிஷம். செலவில்லை, திகட்டலும் இல்லை. குறியும் இல்லை.

என் முதல் பரிசு அயர்லாந்தின் பார்ம்பிராக்குக்கு. தேநீரில் ராத்திரி முழுக்க ஊறிய திராட்சையும் உலர்பழமும் போட்ட ரொட்டி. வீட்டில் செய்வதற்கு ஈஸ்ட் வேண்டாம், பேக்கிங் பவுடரே போதும். அதற்குள் சின்னச் சின்னப் பொருள்களைப் புதைத்துவிடுவது வழக்கம். மோதிரம் வந்தவருக்கு வருஷத்துக்குள் கல்யாணம். காசு வந்தால் பணம். பட்டாணி வந்தால் இந்த வருஷம் கல்யாணம் இல்லை. துணிக் கிழிசல் வந்தால் வறுமை. குச்சி வந்தால் சண்டைச் சச்சரவான குடும்ப வாழ்க்கை. அயர்லாந்துக் கடைகளில் இன்றைக்கும் மோதிரம் வைத்த பிராக் விற்கிறது. மதுரையிலிருந்து வந்திருந்த என் மாமியார் இதைக் கேட்டுவிட்டு, “கல்யாணம் ஆகுமான்னு ரொட்டிகிட்டயா கேக்குறது? நம்மூருல ஜோசியர் கேக்குற காசுக்கு இதுவே தேவலை” என்றார். எல்லாவற்றையும் பேக்கிங் காகிதத்தில் பெரிய பொட்டலமாகச் சுற்றி வையுங்கள், வெட்டும்போதே சொல்லிவிடுங்கள். ரொம்பச் சின்னப் பிள்ளைகள் இருந்தால் பட்டாணியோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதுவும் வேகவைத்தது.

இதில் எதையும் வாசலுக்கு வருகிற பிள்ளைகளுக்குக் கொடுக்க முடியாது. வீட்டில் செய்ததை இப்போது யாரும் வாங்குவதில்லை. முன்பின் தெரியாதவர்கள் மிட்டாயில் விஷம் வைக்கிறார்கள் என்ற பயம் 1970களில் அமெரிக்காவைப் பிடித்து ஆட்டியது. 1974இல் டெக்சாஸில் ஒரு சிறுவன் விஷ மிட்டாய் தின்று நிஜமாகவே செத்தான். வைத்தது வழிப்போக்கன் இல்லை, இன்சூரன்ஸ் பணத்துக்காகப் பெற்ற தகப்பன். பயம் மட்டும் அந்நியர்கள் பேரில் நின்றுவிட்டது. ஆகவே வாசலுக்குக் கம்பெனி பாக்கெட், வீட்டுக்குள் பிராக். ஒவ்வாமை இருக்கிற பிள்ளைகளுக்காகச் சிலர் நீலப்பச்சை வண்ணம் அடித்த பூசணியை வாசலில் வைத்து, ஸ்டிக்கர், பென்சில் கொடுக்கிறார்கள். நல்ல பழக்கம்.

இனிப் புத்தகம். எங்கள் வீட்டில் போட்டி நாலு கதைகளுக்கு நடுவில்.

இப்போது அமானுஷ்யக் காதல் என்ற அலமாரியில் இருக்கும் நாவல்களுக்கு ஓர் எழுதாத ஒப்பந்தம் உண்டு: பேய்தான் மாப்பிள்ளை, கடைசியில் ஜோடி சேர்ந்தாக வேண்டும். 2005 அக்டோபரில் வந்த ‘ட்வைலைட்’ அதில் பெரிய பெயர். ஓயாமல் மழை பெய்கிற ஃபோர்க்ஸ் என்ற ஊர், வெயில் பட்டால் மினுக்குகிற ரத்தக்காட்டேரிப் பையன். அட்டையில் இரண்டு கை, ஒரு சிவப்பு ஆப்பிள். கேரமல் ஆப்பிளுக்கு இதைவிடப் பொருத்தமான துணை கிடையாது. என் பெண் இரண்டே நாளில் முடித்தாள். எனக்கு அந்தப் பையன் சொல்லாமல் கொள்ளாமல் வந்து பெண் தூங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது ஒட்டவில்லை. “அம்மா, அது லவ்” என்றாள். “அது போலீஸ் கேஸ்” என்றேன். ஆனால் அந்த வயசில் நானும் இதை விழுங்கித்தான் இருப்பேன். விறுவிறுப்பில் குறை சொல்ல முடியாது; கேண்டி கார்னோடு சேர்க்க மாட்டேன்.

‘டிராகுலா’வைக் காதல் கதை என்று நினைத்து எடுப்பவர்கள் ஏமாறுவார்கள். அந்தக் காதலைச் சேர்த்தது பின்னால் வந்த சினிமா. 1897இல் டப்ளின்காரர் பிராம் ஸ்டோக்கர் எழுதிய புத்தகத்தில் ரத்தக்காட்டேரிப் பிரபு டிராகுலா, தனக்கும் காதலிக்கத் தெரியும் என்று ஓரிடத்தில் சொல்வதோடு சரி. மெய்யான காதல் ஜோனதனுக்கும் மீனாவுக்கும் நடுவில்தான். அது தொடங்குகிற இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்: முதல் பக்கத்திலேயே ஜோனதன் வழியில் ஒரு விடுதியில் சிவப்பு மிளகாய் போட்ட கோழி தின்கிறான், தாகம் பிய்த்தெடுக்கிறது, ஆனாலும் மீனாவுக்காக அந்தச் சமையல் குறிப்பைக் கேட்டு வாங்க வேண்டும் என்று டைரியில் குறித்து வைக்கிறான். கட்டிக்கொள்ளப் போகிறவளுக்குச் சமையல் குறிப்பு வாங்கப் போனவன் எங்கே போய் மாட்டுகிறான் பாருங்கள். கதை மே 3இல் தொடங்கி நவம்பர் முதல் வாரத்தில் முடியும் டைரிக் கதை; அக்டோபர் 31க்கும் ஒரு குறிப்பு உண்டு. தேதிப்படி படித்துவந்தால் ஹாலோவீன் ராத்திரியில் துரத்தல் உச்சத்தில் இருக்கும். ஒரே ராத்திரிக்கு ஆகாது, 27 அத்தியாயம்.

அதற்கு 25 வருஷம் முன்னால், 1872இல், இன்னொரு டப்ளின்காரர் ஷெரிடன் லெ ஃபானு எழுதியது ‘கார்மில்லா’. என் ஓட்டு இதற்குத்தான். ஆஸ்திரியாவில் ஒரு தனித்த மாளிகை, லாரா என்ற தனிமைப் பெண். வண்டி கவிழ்ந்து அடைக்கலமாக வரும் இன்னொரு பெண். அவள் மத்தியானம் ஒரு மணிக்குத்தான் கீழே இறங்குவாள். ஒரு கோப்பை சாக்லேட் பானம் குடிப்பாள், வேறு எதுவும் தொட மாட்டாள். விருந்தாளி சாப்பிடாவிட்டால் நம் ஊரில் எத்தனை கேள்வி கேட்டிருப்பார்கள்! இங்கே யாரும் கேட்பதில்லை, அதுதான் வினை. அவள் லாராவை நேசிக்கிறாள், அந்த நேசமே லாராவின் ரத்தத்தைக் குடிக்கிறது. இரண்டையும் கதை பிரித்துக் காட்டுவதே இல்லை. எல்லாம் முடிந்து வருஷங்கள் ஆன பிறகும், கூடத்துக் கதவருகே அந்த மெல்லிய காலடி கேட்கிற மாதிரி லாராவுக்குத் தோன்றுகிறது. காதல் ஒப்பந்தம் கிழிந்தாலும் காதல் போகவில்லை. நூறு பக்கம் சுமாருக்கு ஒரே ராத்திரி போதும். பெரியவர்களுக்கு, பிள்ளைகள் தூங்கிய பிறகு.

பிள்ளைகளோடு உரக்கப் படிக்க, 1820இல் வாஷிங்டன் இர்விங் எழுதிய ‘ஸ்லீப்பி ஹாலோ’ கதை. ஹாலோவீன் என்ற சொல்லே அதில் கிடையாது, இலையுதிர் காலம், அவ்வளவுதான். ஒல்லி வாத்தியார் இக்கபாட், பணக்கார வீட்டுப் பெண் கத்ரீனா, அவளுக்கே ஆசைப்படுகிற இன்னொரு முரட்டு ஆள். ஆனால் வாத்தியாரின் காதல் பெண் மேலா, அவள் வீட்டுச் சாப்பாட்டு மேலா என்று சொல்ல முடியாது. அந்தப் பண்ணையில் ஓடுகிற பன்றியைப் பார்த்தால் அவனுக்கு வறுவல் தெரிகிறது, புறாவைப் பார்த்தால் மாவு மூடிச் சுட்ட பலகாரம் தெரிகிறது. விருந்து முடிந்து அவளிடம் தனியாகப் பேசிவிட்டு முகம் தொங்கி வெளியே வருகிறான். அப்புறம் இருட்டு, பாலம், தலையில்லாத குதிரைக்காரன். மறுநாள் அவன் தொப்பிக்குப் பக்கத்தில் கிடைப்பது சிதறிய பூசணிக்காய். பையன் அந்த இடத்தில் ஒவ்வொரு தடவையும் “அது பேயா, இல்ல அந்த இன்னொரு மாமாவா?” என்று கேட்பான். இர்விங் சொல்லவில்லை, நானும் சொல்வதில்லை.

போன வருஷம் பிராக் வெட்டியது அந்தப் பூசணிக்காய் வந்த கையோடுதான். பொட்டலத்தைப் பிரித்ததும் பையன் முகம் செத்துவிட்டது: மோதிரம். வருஷத்துக்குள் கல்யாணம் என்றால் வேறு வீட்டுக்குப் போக வேண்டுமா என்று கண்ணில் தண்ணீர். அக்காவுக்கு வந்தது பட்டாணி. இரண்டு பேரும் மேஜைக்கு அடியில் ஏதோ குசுகுசுத்தார்கள். பட்டாணி அவன் கைக்கு வந்தது, வந்த வேகத்தில் விழுங்கிவிட்டான். மோதிரம் அவள் விரலில் ஏறியது. “இதை அப்பாகிட்ட சொல்லாதீங்க” என்றாள். அப்பத்தா மட்டும் தன் துண்டை இன்னும் பிரிக்காமல், “எனக்குக் காசு வந்தாப் போதும்டி” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.