பால் ஆட்டுக்கு மாம்பழத் தோலா, மாங்கொட்டைப் பருப்பா?

கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்கூழ் ஆலைகள் ஓடும் கோடை மாதங்களில் தோலும் கொட்டையும் மலையாகக் குவியும். இரண்டுமே ஆட்டுத் தீவனம்தான், ஆனால் நடந்துகொள்ளும் விதம் வேறு.

தோலை ஆடுகள் ஆசையாகத் தின்னும், அதுதான் சிக்கலே. சர்க்கரை அதிகம். ஒரேயடியாகக் கொட்டினால் வயிற்றில் அமிலம் ஏறி, அசை போடுவது நின்று, கழிச்சல் வந்து, பாலும் இறங்கிவிடும். வைக்கோலோ கடலைக்கொடியோ தின்ற பிறகு கொஞ்சமாகக் கொடுத்து, நாளாக நாளாகக் கூட்டுங்கள். ஈரம் 80 சதவீதத்தை ஒட்டி இருப்பதால் ஓரிரு நாளில் புளித்துப் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பிடித்ததைச் சினை ஆட்டின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். மிஞ்சியதை நறுக்கிய வைக்கோலோடு கலந்து, காற்றுப் புகாமல் அழுத்தி மூடினால் ஊறுகாய்ப்புல் (புளிக்கவைத்துச் சேமிக்கும் பசுந்தீவனம்) போலப் பதப்படும். மழைக்காலம் வரை கைகொடுக்கும்.

பருப்பு அப்படியில்லை. காயவைத்து அரைத்தால் மாதக்கணக்கில் நிற்கும். மாவுச்சத்து நிறைய, கொஞ்சம் கொழுப்பும் உண்டு, மக்காச்சோளத்தில் ஒரு பங்கைக் குறைக்கலாம். ஆனால் கொட்டையின் ஓட்டை உடைக்கும் கூலி இருக்கிறதே! அப்புறம் டானின் என்ற பொருளின் துவர்ப்பு: ஊறவைத்துத் தண்ணீரை வடித்தால் குறையும். அடர்தீவனத்தில் (தானியமும் புண்ணாக்கும் கலந்த தீவனம்) 10 சதவீதத்துக்கு மேல் நான் சேர்க்கச் சொல்லமாட்டேன்.

புரதம் இரண்டிலும் குறைவு. அதனால் கடலைப் புண்ணாக்கும் அகத்தியும் கொடுப்பதை நிறுத்தக்கூடாது. ஆலைக்கு அருகில் இருப்பவருக்குத் தோல்தான் சரி. தூரத்திலிருந்து வண்டி வைத்து எடுப்பவர் தண்ணீருக்கு வாடகை கொடுக்க வேண்டாம், பருப்பை எடுங்கள்.