பத்து நிமிடம், இரண்டு விசை: ஹார்வர்டின் சாய்வுச் சோதனை உடல்வழித் தெரபிஸ்ட்டுக்கு எவ்வளவு தூரம் உதவும்?

ப்ராஜெக்ட் இம்ப்ளிசிட் என்ற இணையதளத்தை 1998-இல் தொடங்கிய உளவியலாளர்கள் அந்தோணி கிரீன்வால்ட், செகந்திராபாத்தில் பிறந்த மஹ்சரின் பானாஜி, பிரையன் நோசெக். அதிலுள்ள சாய்வுச் சோதனை ஹார்வர்டு பல்கலைக்கழக முகவரியில் இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது. நிறம், எடை, வயது, ஊனம் பற்றி நமக்கே தெரியாமல் ஊறிக்கிடக்கும் சாய்வை அளப்பதுதான் இதன் வேலை. வருபவரின் தோளையும் மூச்சையும் பார்த்து, சில சமயம் தொட்டும் மனச் சிகிச்சை தருகிற உடல்வழித் தெரபிஸ்ட்டுக்கு இது எந்த அளவுக்குப் பயன்படும் என்று பார்ப்போம்.

செய்முறை எளிது. கீபோர்டில் இடக்கை விரல் ஆங்கில 'E' விசையிலும் வலக்கை விரல் 'I' விசையிலும் இருக்க வேண்டும். திரையில் வரும் முகத்தையோ சொல்லையோ இடம், வலம் என்று பிரித்துத் தட்ட வேண்டும். தப்பாகத் தட்டினால் சிவப்புப் பெருக்கல் குறி வரும், திருத்தினால்தான் அடுத்தது. மொத்தம் ஏழு கட்டங்கள். 3, 4-இல் ஒருவகை முகமும் நல்ல சொல்லும் ஒரே விசையில் ஜோடி சேரும். 6, 7-இல் ஜோடி தலைகீழாகும், அதே முகம் கெட்ட சொல்லோடு சேரும். இந்த இரண்டு ஜோடிகளுக்கும் கை எடுக்கும் நேரம் எவ்வளவு வேறுபடுகிறது என்பதை, அவரவர் வேகத்தின் ஏற்ற இறக்கத்தால் வகுத்தால் கிடைப்பதே 'டி' மதிப்பெண். 0.15-ஐத் தாண்டினால் 'லேசான' சாய்வு, 0.35-ஐத் தாண்டினால் 'நடுத்தரம்', 0.65-ஐத் தாண்டினால் 'வலுவானது'.

சிக்கலும் இந்த எண்ணில்தான். ஒரே ஆள் வேறொரு நாள் செய்தால் இரண்டு மதிப்பெண்களுக்கும் உள்ள ஒட்டுறவு (1 என்றால் முழுப் பொருத்தம்) ஏறத்தாழ 0.5தான். காய்கறிக்கடைத் தராசு இப்படி ஆடினால் அந்தப் பக்கமே போக மாட்டோம். எந்த ஜோடி முதலில் வருகிறது என்பதும் முடிவைக் கொஞ்சம் இழுக்கும். சொற்கள் ஆங்கிலத்தில் இருப்பதால், ஆங்கிலத்தை நிதானமாக வாசிப்பவருக்குத் தாமதம் எதனால் என்றே குழம்பும். அவர்கள் படங்கள் அதிகம் உள்ள சோதனையை எடுப்பது நல்லது. ஃபோன் வேண்டாம், லேப்டாப்பில் செய்யுங்கள். வெவ்வேறு நாளில் மூன்று முறையாவது செய்து, எண்ணை விட்டுவிட்டு, எந்தப் பக்கம் சாய்கிறது என்ற திசையை மட்டும் பாருங்கள். முடிவுக்குத் தரும் விளக்கம் சரி என்று உறுதி சொல்ல முடியாது என்று தளமே எச்சரிக்கிறது. ஆகவே, பயிற்சி நிலையங்கள் இதைத் தேர்ச்சிக்கோ வேலைக்கோ வடிகட்டியாக வைப்பது தவறு.

எந்தச் சோதனையை எடுப்பது? எல்லோரும் இனச் சோதனைக்குத்தான் ஓடுகிறார்கள். உடல்வழித் தெரபிஸ்ட் முதலில் எடுக்க வேண்டியது உடல் எடை, அடுத்தது தோல் நிறம், பிறகு ஊனம். 2007 முதல் 2016 வரை இந்தத் தளத்தில் குவிந்த முடிவுகளில் பாலியல் நாட்டம் பற்றிய சாய்வு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. இனம், தோல் நிறம் பற்றியவையும் இறங்கின. எடை பற்றியது மட்டும் சற்று ஏறியே இருந்தது. நாள் முழுக்க உடம்புகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் தொழிலில் அதை விட்டுவிட்டு வேறு எதைப் பார்ப்பது?

உடல்வழித் தெரபிஸ்ட்டுக்கென்றே ஒரு கூடுதல் பயன் உண்டு. ஆறாம் கட்டத்தில் கை தடுமாறும்போது தாடை இறுகுகிறதா, மூச்சு நிற்கிறதா, தோள் காதுப் பக்கம் ஏறுகிறதா என்று கவனித்து, முடிந்ததும் மூன்று வரி எழுதிவையுங்கள். அதே இறுக்கம் செஷனில் யார் எதிரில் வருகிறது என்று பிறகு பிடித்துவிடலாம். எங்கள் கணிப்பில் மதிப்பெண்ணைவிட இந்த மூன்று வரிக்கே மதிப்பு அதிகம்.

இனி, சோதனை எட்டாத இடம். உடலை வாசிக்கும் அகராதி எங்கிருந்தோ வந்தது. உடல்வழிச் சிகிச்சையின் முன்னோடி வில்ஹெல்ம் ரைஹ் தொடங்கி, நியூயார்க்கில் அலெக்சாண்டர் லோவன் விரித்த, உடலமைப்பை வைத்துக் குணத்தை வகுக்கும் 'குணக் கட்டமைப்பு' வகைகளில் குழிந்த மார்புக்கும் தொங்கிய தோளுக்கும் ஒரு பொருள் உண்டு. பெரியவர் முன்னால் தோளை ஒடுக்கிக் கண்ணைத் தாழ்த்தும் பழக்கத்தில் வளர்ந்தவரை அந்த அகராதி 'நொறுங்கியவர்' என்று படித்துவிடும். மூச்சும் அப்படித்தான். உடல் உணர்வு வழியே மன அதிர்ச்சியை ஆற்றும் சோமாட்டிக் எக்ஸ்பீரியன்சிங் போன்ற முறைகளில் தானாக வரும் ஆழ்ந்த மூச்சை, நரம்பு மண்டலம் தணிவதன் அடையாளமாக எடுப்பது வழக்கம். ஈழத்துத் தமிழர் போர்த்துயரைச் சொல்லும் உடல்மொழிகளில் பெருமூச்சும் ஒன்று என்று யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் பதிவு செய்திருக்கிறார். ஆக, ஒருவர் பெருமூச்சு விடும்போது எதிரில் இருப்பவர் "நல்லது, இறங்குகிறது" என்று தலையாட்டினால், சொல்ல வந்த துக்கம் அங்கேயே அடைபட்டுவிடும். "இப்ப ஒரு மூச்சு வந்துச்சே, அதுல என்ன இருந்துச்சு?" என்று கேட்டால் போதும். இந்தப் பிழையை எந்த விசைச் சோதனையும் காட்டாது. விசை அளப்பது விருப்பு வெறுப்பை. இங்கே நடந்தது பொருள்கோடல் பிழை.

சாய்வைக் குறைக்கும் பயிற்சி என்று விற்கப்படுவதிலும் எச்சரிக்கை தேவை. 2016-இல் வெளியான ஆய்வில், செய்தவுடன் பலன் தந்த ஒன்பது உத்திகளில் ஒன்றுகூடச் சில நாட்களுக்கு மேல் தாக்குப்பிடிக்கவில்லை. 2019-இல் 492 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மதிப்பெண் மாறுவதால் நடத்தையும் மாறுகிறது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை.

பணம் செலவழிப்பதானால் சூப்பர்விஷனுக்கு, அதாவது மூத்த தெரபிஸ்ட் ஒருவரோடு நம் செஷன்களை அலசிப் பார்ப்பதற்கு, செலவழியுங்கள். கடைசிப் பத்து செஷன் குறிப்புகளை எடுத்து, 'இறுக்கம்', 'எதிர்ப்பு', 'மூடியவர்' போன்ற சொற்களுக்குக் கீழே கோடு போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கண் கண்டதை மட்டும் எழுதுங்கள்: 'கை கட்டியிருந்தார்', 'நாற்காலியை ஒரு அடி பின்னுக்குத் தள்ளினார்'. யாரைத் தொடுவதற்கு முன் அனுமதி கேட்டோம், யாரிடம் கேட்க மறந்தோம் என்று தனியே ஒரு பட்டியல். கோடுகள் எந்த மாதிரி ஆட்களின் பக்கம் குவிகின்றன என்று ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம், அதுவும் இலவசம் என்பதால்.