48,000 ரூபாய்க்கு வாங்கிய கல் மெருகு இயந்திரம்: பழையது வாங்கப் போகிறவர்கள் கவனிக்கவும்

திருச்சிப் புறநகரில் பழைய இயந்திரங்களை வாங்கி விற்கும் ஒரு கடையில் சென்ற வாரம் 48,000 ரூபாய் கொடுத்து நான் வாங்கி வந்த கல் மெருகேற்றும் இயந்திரம், தஞ்சாவூரில் என் வீட்டுக் கொட்டகையில் சுவிட்சைப் போட்ட சில நொடிகளிலேயே புகைந்து நின்றுவிட்டது. புகார் முடியும்வரை கடையின் பெயரையோ விளம்பரம் வந்த செயலியின் பெயரையோ எழுதப் போவதில்லை. ஆனால் அடுத்த ஆளும் இதே வலையில் விழக்கூடாது என்பதற்காக நடந்ததை எழுதுகிறேன்.

விளம்பரத்தில் எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. ஒரே ஷாஃப்டில் 80 என்ற சொரசொரப்பான தூளிலிருந்து 3000 என்ற மிக நுண்ணிய தூள் வரையிலான ஆறு வைரத்தூள் சக்கரங்கள், தண்ணீர் சொட்டும் குழாய், அடியில் தொட்டி, நடுவில் மோட்டார், வெளிநாட்டுத் தயாரிப்பு, அதிகம் ஓடாதது என்று போட்டிருந்தார்கள். அடி தட்டையாகவும் முகம் குவிந்தும் மோதிரக் கற்கள் தீட்டி நகைப் பட்டறைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்று பணம் சேர்த்து வைத்திருந்த எனக்கு, புதிய இயந்திரத்தின் விலை எட்டாத உயரத்தில் இருந்ததால், 48,000 ரூபாய் என்பது நியாயமாகவே பட்டது.

கடைக்காரர் என்னை உட்கார வைத்துத் தேநீர் வரவழைத்தார். திருச்சியில் செயற்கை வைரம் பட்டை தீட்டும் தொழில் வீட்டுக்கு வீடு நடந்த காலத்தில் தம் தந்தையும் சாணையில் உட்கார்ந்தவர் என்றார். "கல்லு வேலை தெரியாதவனுக்கு இதைக் கொடுக்க மனசு வராது தம்பி" என்றார். நான் கொண்டுபோயிருந்த குவார்ட்சுக் கல் ஒன்றை வாங்கி, ஒவ்வொரு சக்கரமாகத் தேய்த்து, கடைசிச் சக்கரத்திலிருந்து எடுத்த கையோடு தண்ணீர் சொட்டச் சொட்ட என் உள்ளங்கையில் வைத்தார். கல் பளபளத்தது. நனைந்திருக்கும் கல் மெருகேறாமலே பளபளக்கும், உலர்ந்த பிறகுதான் கீறல்கள் தெரியும் என்பது அந்தத் தொழிலில் பிறந்ததாகச் சொன்னவருக்குத் தெரியாதா? நான் துடைக்கத் துணி கேட்டபோது, "வண்டி வந்துவிட்டது, ஏற்றிவிடலாமா?" என்று எழுந்துவிட்டார். "அண்ணே, இது வீட்டுக் கரண்டில் ஓடுமா?" என்று நான் கேட்டதற்கு, "இங்கேயும் வீட்டுக் கரண்டில்தானே ஓடுகிறது" என்று சிரித்தார். மேசைக்கு அடியில் இருந்த கனமான பெட்டியைக் காட்டி அது என்னவென்று கேட்டேன். கடைக்குப் பொதுவான ஸ்டெபிலைசர் என்றார்.

அது ஸ்டெபிலைசர் அன்று. 230 வோல்ட்டை 115 ஆகக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர். இயந்திரத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, அது ஓடுவதற்கு வேண்டிய பெட்டியைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். எங்கள் ஊரில் மோட்டாருக்குக் காயில் கட்டுபவர் மேலிருந்த புதுப் பெயின்ட்டைச் சுரண்டியதும் அடியில் 115 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று பொறித்த தகடு தெரிந்தது. தகட்டை மறைத்துப் பெயின்ட் அடித்தவருக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் இருக்க முடியாது. பெட்டியையே சேர்த்துக் கொடுத்திருந்தாலும், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், நிமிடத்துக்கு 1725 சுற்றுச் சுற்ற வேண்டிய அந்த மோட்டார் ஏறத்தாழ 1440 சுற்றுதான் சுற்றியிருக்கும். சக்கரங்களின் கதை தனி. முதல் இரண்டு சக்கரங்களின் நடுப்பகுதியில் வைரத்தூளே இல்லை, விரலுக்கு வழவழவென்று இருக்கின்றன.

அன்றே தொலைபேசியில் அழைத்தேன். குறுவைக்கு எல்லோரும் பம்புசெட் போடுகிற நேரம், டெல்டா பக்கம் வோல்டேஜ் ஏறி இறங்கத்தான் செய்யும் என்றார். பம்புசெட்டுகள் ஓடினால் வோல்டேஜ் குறையுமே தவிர இரண்டு மடங்காகாது என்றேன், இணைப்பைத் துண்டித்தார். மறுநாள் எடுத்த பையன் முதலாளி வெளியூரில் இருப்பதாகச் சொன்னான், பின்னால் முதலாளியின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு, பழைய பொருளுக்கு வாரண்டி கிடையாது சார் என்று அவரே பேசினார். தம்பி அதற்குள் சார் ஆகிவிட்டிருந்தேன். 48,000 ரூபாயில் பாதியையாவது திருப்பித் தரச் சொன்னபோது, தொழிலுக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார், எங்கே வேண்டுமானாலும் போங்கள் என்றார். செயலிக்காரர்களோ, விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையிலான விவகாரத்துக்குத் தாங்கள் பொறுப்பல்ல என்ற ஒரே பதிலை ஒவ்வொரு முறையும் எழுத்துக்கூட மாறாமல் அனுப்புகிறார்கள்.

அவர் சொன்னது பொய். சுயதொழில் செய்து பிழைப்பதற்காகத் தாமே பயன்படுத்த வாங்குபவரும் 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோரே. கடை இருக்கும் ஊருக்கு அலையாமல் நாம் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான விவகாரத்துக்குக் கட்டணமும் இல்லை. 1915 என்ற தேசிய உதவி எண்ணிலும் பதிவு செய்துவிட்டேன். பில் கேட்டதற்கு அவர் கொடுத்தது எஸ்டிமேட் என்று அச்சிட்ட ஒரு துண்டுச் சீட்டு. நல்ல வேளையாகப் பணம் யுபிஐ வழியாகப் போனதால் அதற்குச் சான்று இருக்கிறது.

பழைய இயந்திரம் வாங்குவது எப்படி என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கோபத்தில் முடியவில்லை. மோட்டார்த் தகட்டைப் படம் எடுக்காமல் பணம் கொடுக்காதீர்கள். பெயின்ட் புதிதாக இருந்தால் சுரண்டச் சொல்லுங்கள். பிளக்கை நேராகச் சுவரில் சொருகி, கல்லை அழுத்திப் பிடித்துக் கால் மணி நேரமாவது ஓட்டிப் பாருங்கள். ஓடும்போது சக்கரம் ஆடினால் ஷாஃப்ட் வளைந்திருக்கலாம், பேரிங்கும் போயிருக்கலாம். தீட்டிய கல்லைத் துடைத்து, உலரவிட்டு, வெயிலில் சாய்த்துப் பாருங்கள். துண்டுச் சீட்டை வாங்காதீர்கள்.

அதே செயலியில் இன்று காலை அதே மேசையும் அதே பெட்டியும் தெரிகிற படத்தோடு இன்னோர் இயந்திரம் விற்பனைக்கு வந்திருக்கிறது. விலை 52,000 ரூபாய்.