6 கிலோ ஏபிசி சிலிண்டர்: பனியன் யூனிட்டுக்கு இது போதுமா?

திருப்பூர்ப் பக்கம் பனியன் தைக்கும் எந்தப் பவர்டேபிள் யூனிட்டுக்குள் நுழைந்தாலும் சுவரில் தொங்குவது பெரும்பாலும் 6 கிலோ ஏபிசி பவுடர் தீயணைப்பு சிலிண்டர்தான். சின்ன யூனிட்டுக்கு முதல் சிலிண்டராக இதைத் தாராளமாக வாங்கலாம். ஆனால் துணியும் பஞ்சும் குவிந்து கிடக்கும் இடத்தில் இதை மட்டும் நம்பக் கூடாது.

உள்ளே மோனோ அம்மோனியம் பாஸ்பேட் தூள். அதை வெளியே தள்ள, சுமார் 15 பார் அழுத்தத்தில் நைட்ரஜன். துணி, அட்டைப்பெட்டி (ஏ), கறை எடுக்கும் தின்னர் (பி), கேஸ் (சி) எல்லாவற்றுக்கும் இது கேட்கும்; பெயரில் உள்ள ஏபிசி இதுதான். எரிவது என்ன என்று யோசித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை என்பதுதான் இதன் பெரிய பலம். இரவு ஷிப்டில் புதிதாகச் சேர்ந்த ஆள்கூடத் தயங்காமல் எடுக்கலாம்.

பலவீனத்தில் முதலாவது நேரம். லீவரை அமுக்கினால் கால் நிமிடம், மிஞ்சினால் இருபது நொடி; அதற்குள் காலி. பதற்றத்தில் சுடரின் உச்சியில் அடிப்பவர்கள்தான் அதிகம். பாதித் தூள் காற்றோடு போய்விடும். பின்னை இழுத்து, இரண்டு மூன்று மீட்டர் தூரத்தில் நின்று, தீயின் அடியைப் பார்த்து இடவலமாக வீச வேண்டும். கட்டிங் வேஸ்ட் குவியல் என்றால் இன்னும் தள்ளி நின்று தொடங்கி, மெல்ல நெருங்க வேண்டும். கிட்டே போய் அடித்தால் அந்த வேகமே எரியும் பஞ்சைத் தூக்கி அடுத்த டேபிளில் போடும்.

இரண்டாவதுதான் ஆபத்தானது. தூள் மேல்சுடரை அடக்கும். துணிக்கட்டின் உள்ளே ஊறிப் போகாது. வெளியே அணைந்ததுபோல் இருக்கும், உள்ளே கனன்றுகொண்டிருக்கும். கொஞ்ச நேரத்தில் திரும்பப் பற்றும்போது சிலிண்டர் காலியாக இருக்கும். அதனால் துணி ஸ்டாக், வேஸ்ட் ரூம் பக்கம் 9 லிட்டர் வாட்டர் சிலிண்டரோ, குறைந்தபட்சம் நிறைத்து வைத்த தண்ணீர் வாளிகளோ கட்டாயம் வேண்டும். மெயின் சுவிட்சை ஆஃப் செய்த பிறகே தண்ணீர். அதை ஆஃப் செய்பவர் யார் என்பது ஷிப்டுவாரியாக முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

மின் பேனலுக்கும் பவுடர் அடிக்கலாம், ஷாக் வராது. ஆனால் அந்தத் தூள் ஈரக்காற்றில் அமிலமாகி காப்பரையும் போர்டையும் அரிக்கும். ஆகவே பேனல் பக்கம் தனியாக ஒரு கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வைப்பது நல்லது. அதற்கு அழுத்தம் காட்டும் கேஜ் இருக்காது. எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும், பத்து சதவீதம் குறைந்திருந்தால் ரீஃபில். அடிக்கும்போது வாயு வெளிவரும் குழலான ஹார்னைக் கையால் பிடித்தால் குளிரில் தோல் வெந்துபோகும், கைப்பிடியை மட்டும் பிடிக்கச் சொல்லுங்கள்.

வாங்கும்போது ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 15683 என்ற எண்ணும் இருக்கிறதா பாருங்கள். பிறகு ஏ, பி எழுத்துகளுக்கு முன்னால் உள்ள எண்: அது பெரிதாக இருந்தால் அணைக்கும் திறன் அதிகம். ஒரே 6 கிலோவில் விலை வித்தியாசப்படுவதற்குத் தூளின் தரம் ஒரு காரணம். மேப் என்பது மோனோ அம்மோனியம் பாஸ்பேட்டின் சுருக்கம்; மேப் 50 என்றால் பாஸ்பேட் பாதி, மேப் 90 என்றால் கிட்டத்தட்ட முழுக்க. துணி யூனிட்டுக்கு மேப் 90 கேட்டு வாங்குங்கள். இந்த இடத்தில் சிக்கனம் வேண்டாம்.

மாட்டும் இடம் வாசலோரம். அயர்னிங் டேபிளுக்குப் பக்கத்திலேயே மாட்டினால், தீ பிடித்ததும் சிலிண்டரை நெருங்கவே முடியாது. வாசல் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நின்றுதான் அடிக்க வேண்டும். மூடிய அறையில் தூள் புகைபோல் கிளம்பி வழியை மறைத்துவிடும். ஒரு சிலிண்டரில் அடங்காவிட்டால் எல்லோரும் வெளியே, 101 அல்லது 112.

பராமரிப்பில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கேஜ் முள் பச்சையில் இருந்தால் அழுத்தம் சரி என்று மட்டுமே அர்த்தம். மெஷின் அதிர்வில் தூள் அடியில் இறுகிப்போயிருந்தால் காற்று மட்டும்தான் வரும். மாதம் ஒருமுறை சிலிண்டரைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள், தூள் சரிந்து இறங்குவது கையில் தெரியும். ஒரு நொடி அடித்துப் பார்த்தால்கூட வால்வில் தூள் சிக்கி அழுத்தம் கசியத் தொடங்கும்; உடனே ரீஃபிலுக்கு அனுப்ப வேண்டும்.

ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) ஆள் ஸ்டிக்கரை மட்டும் மாற்றிவிட்டுப் போனால் கையெழுத்துப் போடாதீர்கள். பவுடர் சிலிண்டருக்கு மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் அழுத்தம் கொடுத்து உடலின் பலத்தைச் சோதிப்பது) உண்டு, தேதியைக் கேளுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் அனுப்பாமல், மாற்று சிலிண்டர் வாங்கிக்கொண்டு அனுப்புங்கள். எப்படியும் கொட்டப்போகிற பழைய தூள்தானே, அனுப்பும் முன் யூனிட்டுக்கு வெளியே ஒரு தட்டில் வேஸ்ட் துணியைக் கொளுத்தி, டெய்லர்களையும் ஹெல்பர்களையும் ஆளுக்கு மூன்று நொடி அடிக்கவிடுங்கள்.