“ஓடிபி நீங்கதான் குடுத்திருப்பீங்க” என்று பேங்கில் சொன்னால் தலையாட்டாதீர்கள்

கிரெடிட் கார்டு வைத்திருக்கும் மதுரைக்காரர்கள் இதைக் கடைசி வரை படியுங்கள். வீட்டில் பெரியவர்கள் பெயரில் கார்டு இருந்தால் அவர்களுக்கும் சொல்லுங்கள்.

போன மாதம் நடுராத்திரி என் கார்டில் ஒரு டாலர் போனது. கொஞ்ச நேரத்தில் ஏதோ ஒரு வெளிநாட்டுத் தளத்தில் பெரிய தொகைகளாக அடுத்தடுத்துப் போய்விட்டது. காலையில் பார்த்தால் வரிசையாக எஸ்எம்எஸ். ஒன்றில்கூட ஓடிபி இல்லை.

கஸ்டமர் கேரில் கார்டை பிளாக் செய்து, கம்ப்ளெய்ன்ட் நம்பர் வாங்கி, சைபர் குற்ற உதவி எண் 1930-க்கும் சொல்லிவிட்டு பேங்க் திறந்ததும் போய் நின்றேன். அங்கிருந்த அதிகாரி, “ஓடிபி இல்லாம பணம் போகாது சார். வீட்ல புள்ளைங்க யாராவது சொல்லியிருப்பாங்க, கேட்டுப் பாருங்க” என்றார். போனைக் காட்டினேன். “அழிச்சிருப்பீங்க” என்றார். கையெழுத்துக்கு அவர் நீட்டிய படிவத்தில் ‘ஓடிபி பகிரப்பட்டது’ என்ற கட்டத்தில் ஏற்கெனவே டிக் அடித்திருந்தது! அந்த டிக்கைக் கோடு போட்டு நீக்கிவிட்டு, ‘ஓடிபி வரவே இல்லை’ என்று கையால் எழுதி, நகல் வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தேன்.

அவர் சொன்னது தவறு. ஓடிபி போன்ற கூடுதல் சரிபார்ப்பு பொதுவாகக் கட்டாயம் என்பது உள்நாட்டு ஆன்லைன் வியாபாரத்துக்கு. வெளிநாட்டுத் தளங்கள் பலவற்றில் கார்டு நம்பர், காலாவதித் தேதி, பின்னாலிருக்கும் மூன்று இலக்க எண் இருந்தாலே போதும். மகளின் வெளிநாட்டுக் கல்லூரி விண்ணப்பத்துக்காக என் கார்டில் சர்வதேசப் பயன்பாடு திறந்திருந்தது.

அந்த ஒரு டாலர்தான் சோதனை. திருடிய நம்பர் வேலை செய்கிறதா என்று சின்னத் தொகையில் பார்ப்பார்கள். இதைப் பிடிக்கத்தான் கார்டு கம்பெனிகள் கம்ப்யூட்டர் வைத்திருக்கின்றன. தொகை, நேரம், ஊர், கடையின் வகை, எவ்வளவு வேகமாக அடுத்தடுத்து வருகிறது என்பதையெல்லாம் நம் வழக்கத்தோடு ஒப்பிட்டு, ஆபத்துக்கு மதிப்பெண் போட்டு, கண் இமைப்பதற்குள் விடுவதா தடுப்பதா என்று அது முடிவெடுக்கும். இதே கார்டை, தங்கை மகள் காதுகுத்துக்குத் தோடு எடுக்கத் தெற்காவணி மூல வீதியில் நீட்டியபோது தடுத்தது. நகை உடனே விற்றுக் காசாக்கக்கூடியது, அதனால் சந்தேகம் வரும், சரி. உள்ளூரில் பட்டப்பகலில் நான் பின் நம்பர் போட்டதைத் தடுத்தது, நடுராத்திரி டாலரில் போனதை ஏன் விட்டது? கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டேன்.

அந்த ‘டிக்’ ஏன் ஆபத்து தெரியுமா? ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கைப்படி, தவறு நம்மிடமும் இல்லாமல் பேங்கிடமும் இல்லாமல் வேறெங்கோ நடந்திருந்தால், 3 வேலை நாளுக்குள் சொன்னவருக்கு ஒரு ரூபாய் பொறுப்பும் கிடையாது. சொன்னதிலிருந்து 10 வேலை நாளுக்குள் தொகையைத் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும். பொறுப்பு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்க வேண்டியதும் பேங்கேதான். ஆனால் ஓடிபியை நாமே கொடுத்ததாக ஒப்புக்கொண்டால், புகார் சொல்லும்வரை போனதெல்லாம் நம் தலையில்தான் விழும்.

சுற்றறிக்கையைக் குறிப்பிட்டு மெயில் போட்ட பிறகே அசல் திரும்பி வந்தது. அதற்குப் போட்ட வட்டியும் தாமதக் கட்டணமும் இன்னும் பில்லில் நிற்கின்றன. பேங்க் 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். நான் மனு கொடுத்துவிட்டேன். நீங்கள் இன்றைக்கே ஆப்பைத் திறந்து, கார்டு செட்டிங்கில் சர்வதேசப் பயன்பாட்டை அணைத்து வையுங்கள். தேவைப்படும் அன்று திறந்து, வேலை முடிந்ததும் மூடிவிடலாம்.