நிக்கான் டி40-ம் ஃபோட்டோபியாவும்: மூன்று வருடம் பழகிய பிறகு

2006-இல் வந்த கேமராவைப் பற்றி இப்போது எழுதக் காரணம், மூன்று வருடமாக என் பையில் இருப்பது அதுதான். மதுரையில் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன், கூடவே 18-55 கிட் லென்ஸ். பேட்டரி ஐம்பது படம்கூடத் தாங்காததால் அதை மட்டும் மாற்றினேன். மற்றபடி இன்றுவரை ஒரு ரிப்பேர் கிடையாது.

அதற்கு முன் பல வருடம் போனில்தான் படம் எடுத்தேன். போன் நன்றாகவே எடுக்கும். ஆனால் நிழலைத் தூக்குவது, வானத்தை அடக்குவது எல்லாவற்றையும் அதுவே செய்துவிடுவதால், காலேஜ் நாட்களில் மனப்பாடமாக இருந்த ஸ்டாப் கணக்கு (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பாவது அல்லது பாதியாவது) எனக்கு மறந்தே போயிருந்தது. டி40-இல் 6 மெகாபிக்சல், மூன்று ஃபோகஸ் புள்ளி, வெளிச்ச உணர்திறனைச் சொல்லும் ஐஎஸ்ஓ 200 முதல் 1600 வரை. வெளிச்சத்தை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதை எனக்கு மறுபடி கற்றுக்கொடுத்தது மல்லிகை. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் குவித்துக் கிடந்த மல்லியை எடுத்தேன். படத்தில் அது பழைய வேட்டி மாதிரி சாம்பல் பூத்திருந்தது. கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாகவே எண்ணிக்கொள்ளும். ஃப்ரேம் முழுக்க வெள்ளை என்றால் வெளிச்சத்தைக் குறைத்துவிடும். மீட்டர் சொல்வதைவிட வெளிச்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ உதவும் எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை +1 (ஒரு ஸ்டாப் கூடுதல்) வைத்ததும் பூ வெள்ளையானது. அன்று சாயங்காலம் தங்கையின் தலையில் இருந்த ஒரு முழம் மல்லியை அதே +1-இல் எடுத்தேன். மொட்டெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி வெறும் வெள்ளைத் திட்டாகிவிட்டது. கறுத்த கூந்தலைப் பார்த்து மீட்டர் ஏற்கெனவே வெளிச்சத்தைக் கூட்டியிருந்தது, நான் மேலும் கூட்டிவிட்டேன். அங்கே −1 வேண்டும். ஒரே பூதான், ஆனால் பின்னால் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து இரண்டு ஸ்டாப் வித்தியாசம்! அன்றிலிருந்து ஒவ்வொரு படம் எடுத்ததும், அதில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைப் பார்க்காமல் நகர்வதில்லை.

அப்புறம் ஃபிளாஷ். இந்த கேமராவின் பெரிய பலம் என்று நான் சொல்வது இதைத்தான். பல கேமராக்களில் ஃபிளாஷோடு ஷட்டர் வேகம் 1/200 அல்லது 1/250 நொடியைத் தாண்டாது. டி40 1/500 வரை போகும். இதில் இருப்பது சிசிடி வகை சென்சார் (ஒளியைப் படமாக்கும் சில்லு), வேகமான ஷட்டர் வேலையை அதுவே எலெக்ட்ரானிக்காகச் செய்துகொள்கிறது. உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 200, ஷட்டர் 1/500, லென்ஸ் துளை எஃப்/10 வைத்தால் வெயில் கட்டுக்குள் நிற்கும், ஒன்றரை மீட்டருக்குள் நிற்பவரின் முகத்து நிழலை அந்தச் சின்ன ஃபிளாஷே நிரப்பிவிடும். குடைக்கு அடியில் பூக் கட்டிக்கொண்டிருந்த அக்கா ஒருவரை அப்படித்தான் எடுத்தேன். "என்ன தம்பி, இந்த வெயில்ல லைட்டு எதுக்கு?" என்று கேட்டார். திரையைக் காட்டினேன். "அட, மூஞ்சி தெரியுது!" என்றார்.

இனி கணினிப் பக்கம். என்னிடம் இருப்பது 4 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப். பெரிய மென்பொருள் எதுவும் அதில் ஓடாது. அதனால்தான் ஃபோட்டோபியா என்ற படத்திருத்தக் கருவிக்கு வந்தேன். இவான் குட்ஸ்கிர் என்ற தனி ஒருவர் 2013-இல் வெளியிட்டது. பிரவுசரிலேயே திறக்கும், கோப்பு எந்த சர்வருக்கும் போகாது, நம் கணினியிலேயே வேலை நடக்கும். நிக்கானின் ரா கோப்பான (கேமரா பதப்படுத்தாமல் தரும் மூலக் கோப்பு) என்இஎஃப்பையும் திறக்கும். லேயர் (ஒன்றன் மேல் ஒன்றாகப் போடும் அடுக்கு), மாஸ்க் (வேண்டிய இடத்தை மட்டும் திருத்த உதவும் மறைப்பு), கர்வ்ஸ் (வெளிச்சத்தைத் திருத்தும் வளைகோடு) எல்லாம் உண்டு. இலவசமாகப் பயன்படுத்தினால் ஓரத்தில் விளம்பரம் வரும், எனக்கு அது உறுத்தவில்லை.

இந்த இரண்டும் ஏன் இவ்வளவு பொருந்துகின்றன என்பது வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது. 6 மெகாபிக்சல் படம் சாதாரண 8-பிட்டில் ஒரு லேயருக்குச் சுமார் 24 எம்பி நினைவகம் எடுக்கும். 24 மெகாபிக்சல் படம் என்றால் அதன் நாலு மடங்கு. பழைய கேமராவின் கோப்பு என்பதால்தான் என் லேப்டாப்பில் ஐந்தாறு லேயர் போட்டாலும் திணறாமல் ஓடுகிறது. ஒரு எச்சரிக்கை: கரண்ட் போய் லேப்டாப் அணைந்ததில், சேமிக்காமல் வைத்திருந்த ஒரு மணி நேர வேலையை இழந்தேன். இப்போது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, லேயர்களை அப்படியே வைத்திருக்கும் பிஎஸ்டி கோப்பாகச் சேமிக்கிறேன்.

படத்தை யாருக்காவது அனுப்புவதற்கு முன் ஸ்கூஷ், படக் கோப்பின் அளவைச் சுருக்கும் பிரவுசர் கருவி. கூகுள் குரோம் குழுவினர் 2018-இல் கொண்டுவந்தது. நடுவில் உள்ள கோட்டை இழுத்து, அசலையும் சுருக்கியதையும் பக்கத்துப் பக்கத்தில் பார்க்கலாம். மல்லி மொட்டின் ஓரம் கலங்க ஆரம்பிக்கும் இடம்வரை தரத்தைக் குறைத்து, அங்கிருந்து கொஞ்சம் ஏற்றி நிறுத்துவேன். வேறு கணக்கு எதுவும் இல்லை.

6 மெகாபிக்சல் போதுமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். 3008-க்கு 2000 பிக்சல் என்றால், 12-க்கு 8 அங்குலப் பிரிண்டில் ஓர் அங்குலத்துக்கு 250 பிக்சல் கிடைக்கும். அந்த அக்காவுக்கு அந்த அளவில்தான் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். நாரில் ஏறிய மொட்டுகளை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

இன்னும் வசப்படாதது கனகாம்பரம். ஹிஸ்டோகிராம் நடுவில் நல்லபிள்ளையாக நிற்கும். ஃபோட்டோபியாவில் சிவப்பு சேனலை (படத்தின் சிவப்பு நிறப் பங்கு) மட்டும் திறந்து பார்த்தால் இதழெல்லாம் வெளிறிப்போயிருக்கும். −1.3 வைத்து எடுத்து, மற்ற இடங்களை மாஸ்க் போட்டுத் தூக்கிப் பார்க்கிறேன். நிழல் பகுதியில் புள்ளி புள்ளியாக நாய்ஸ் வருகிறது. அடுத்த வாரம் வெயில் ஏறுவதற்கு முன்பே மார்க்கெட்டுக்குப் போய், நிழலில் வைத்து எடுத்துப் பார்க்க வேண்டும்.